சுவர் காயும்வரை சங்கிலி கழுத்தில் இருக்கட்டும்

கேள்வி: கொழும்புக்குப் பக்கத்தில் வெல்லம்பிட்டியில் இருக்கிறோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு நின்றது. சேற்றை அள்ளிக் கழுவிவிட்டோம். வயரிங், பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து மூன்றரை இலட்சம் கொந்தராத்து, பொங்கலுக்கு முன் முடித்துத் தருகிறேன் என்கிறார் மேசன் பாஸ். சங்கிலியை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. பொங்கலுக்குள் பெயிண்ட் என்றால் அந்தக் காசு சுவரோடு போய்விடும்.

2016 மே வெள்ளத்தில் களனி கங்கை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று ஜூனிலேயே பெயிண்ட் அடித்தோம். தீபாவளிக்கு முன் அது அப்பளம் மாதிரிப் பொரிந்து, தொட்டால் கையோடு வந்தது. அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் கல்லுக்குள் ஈரம் கிடக்கும். வெள்ளம் நின்ற உயரத்தில் சுவரில் விழுந்த சேற்றுக்கோட்டுக்கு மேலேயும் ஏறியிருக்கும்.

பாஸ் சொல்வதை நம்ப வேண்டாம், சுவரையே கேளுங்கள். ஒரு சாண் பொலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். மறுநாள் உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. இடுப்பளவு நின்ற தண்ணீர் என்றால் மாதக்கணக்கில் கூட இழுக்கலாம். ஜன்னலைத் திறந்து, அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஃபேனைப் போடுங்கள்.

ஃபேனுக்கு முன் வயரிங். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் ஏறிய பிளக், சுவிட்ச் எல்லாம் மாற்ற வேண்டியவை, உள்ளே சேறு நிற்கும். மின்சாரம் கசிந்தால் கரண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிடச் சொல்லும் ஆளை வீட்டுப் படி ஏற்ற வேண்டாம்.

கொந்தராத்தைப் பிரியுங்கள். வயரிங்குக்குத் தனி ஆள், தனிக் கணக்கு. பூச்சு, தட்டிப் பார்த்து டொக்கு டொக்கென்று கேட்கும் இடத்தில் மட்டும் போதும். முழுச் சுவரையும் கொத்தினால் யாருக்கு இலாபம் என்று உங்களுக்கே தெரியும். சீமெந்தை நீங்களே வாங்கிக் கொடுத்து நாட்கூலிக்கு விடுங்கள்.

அப்புறம், துப்புரவுக்கென்று அரசாங்கம் அறிவித்த 25,000 ரூபாய் வந்ததா? வராவிட்டால் கிராம சேவகரைப் பாருங்கள். சுவரில் அந்தச் சேற்றுக்கோடு இருக்கும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டத்தைப் பிடித்து, உயரம் தெரிகிற மாதிரி.