பேட்டரிக்குள் மெழுகா? மலையிலிருந்து வந்த கேள்விகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்ததும் மின் ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டி சுடுகிறது. சூட்டை உறிஞ்ச உள்ளே மெழுகு வைக்கிறார்களாமே, அது தீப்பிடிக்காதா? – கோத்தகிரி வாசகர்

பிடிக்கும். பேட்டரிச் சூட்டை அடக்கும் இந்தத் துறையின் பெரிய தலைவலியே அதுதான். ஆளோடு சேர்த்து 200 கிலோ எடையை 1,500 மீட்டர் உயரம் ஏற்ற, முக்கால் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அவ்வளவையும் மூச்சுவிடாமல் தரும்போது செல்கள் சூடாகத்தான் செய்யும். ஒரு கிலோ பாரஃபின் மெழுகு உருகும்போது சுமார் 200 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். அதன் சூடு மட்டும் அதிகம் ஏறாது. ஆனால் மெழுகு வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். அதனால் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், நுண்துளைகள் நிறைந்த கிராஃபைட்டில் (பென்சில் முனையில் இருக்கும் கரி) அதை ஊற வைக்கிறார்கள். உருகினாலும் வழியாது.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. மெழுகுவத்தித் திரியைக் கவனியுங்கள்: உருகிய மெழுகை உறிஞ்சித் தீக்கு ஊட்டுவது அதுதான். கிராஃபைட்டின் துளைகளும் அதையே செய்யும். எனவே அம்மோனியம் பாலிபாஸ்பேட், சூட்டில் ஊதிப் பெருகும் வகைக் கிராஃபைட் போன்ற தீத்தடுப்புப் பொருள்களைக் கலக்கிறோம். நகத்தளவு துண்டைச் சுடரில் காட்டிப் பார்த்திருக்கிறேன். வெறும் மெழுகு சொட்டிச் சொட்டி எரிந்தது. கலவையோ புழுப்புழுவாக ஊதிக் கருத்தது. சுடரை விலக்கியதும் அணைந்தது. அந்தக் கரி ஓடுதான் காவல். ஆனால் தீத்தடுப்புப் பொருள் கூடினால் மெழுகு குறையும், உறிஞ்சும் திறனும் குறையும். எவ்வளவு வெப்பம் உறிஞ்சும் என்ற எண்ணை மட்டும் காட்டும் எந்தப் பொருளையும் நான் நம்புவதில்லை. தீயில் காட்டினால் என்ன ஆகிறது என்று முதலில் கேளுங்கள்.

பழைய செல்களை வைத்து பேட்டரி கட்டுகிறேன். நடுவில் தெர்மாகோல் வைக்கலாமா? – குன்னூர் மெக்கானிக்

வேண்டவே வேண்டாம் தம்பி. ஒரு செல் கெட்டுக் கொதித்தால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். தெர்மாகோல் உருகி எரிந்து அதற்குத் துணை போகும். நல்ல பேட்டரிகளில் 500 டிகிரியைத் தாங்கும் மைக்கா தகடோ, காற்றுத் துளைகள் நிறைந்து வெப்பத்தைத் தடுக்கும் ஏரோஜெல் விரிப்போ இருக்கும். அவையும் நேரம்தான் வாங்கித் தரும். கார் பேட்டரிக்கான சீனாவின் 2020 தரவிதி கேட்டதும் நேரத்தைத்தான்: ஆபத்துக்கு 5 நிமிடம் முன்பே எச்சரிக்கை. வயது தெரியாத பழைய செல்களைச் சேர்த்துக் கட்டுவதை விட்டுவிடுங்கள்.

ஜனவரி உறைபனியில் வாசலிலேயே சார்ஜ் போடலாமா? – உதகை வாசகி

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே கூடாது. சார்ஜ் ஆகும்போது லித்தியம் செல்லின் கிராஃபைட் முனைக்குள் போகாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். நாளடைவில் உள்ளே ஷார்ட் ஆகலாம். வெயில் ஏறட்டும், அப்புறம் போடுங்கள். கம்பளி போர்த்திச் சார்ஜ் செய்யாதீர்கள்.

தீப்பிடித்துவிட்டால் மணலா, தண்ணீரா? – கூடலூர் வாசகர்

தண்ணீர், அதுவும் நிறைய. மணல் சுடரை மூடலாம், சூட்டைத் தணிக்காது. புகையில் ஹைட்ரஜன் புளூரைடு என்ற நச்சு வாயு இருக்கும். கிட்டே போகாமல் எல்லோரையும் வெளியேற்றி 101-ஐ அழையுங்கள். அணைந்த பேட்டரி மணிக்கணக்கில் கழித்தும் மீண்டும் பற்றலாம், அதனால் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.