மகனிடம் கேட்ட கேள்விகள் எனக்கும் பொருந்துகின்றனவே!

கேள்வி: எனக்கு 37 வயது. கோவையில் வங்கி வேலை. 6 வயது மகனுக்கு ஆட்டிசம் என்று போன வருடம் சொன்னார்கள். அவனைப் பற்றி டாக்டர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் எனக்கும் பொருந்தின. இணையத்தில் ஒரு சோதனை செய்தேன். 50-க்கு 36 வந்தது. பதற்றத்துக்கு 4 வருடமாக மாத்திரை எடுக்கிறேன். கணவரோ, “வேலைக்குப் போற, குடும்பம் நடத்துற, உனக்கென்ன?” என்கிறார். இந்த வயதில் பரிசோதனை தேவையா? எங்கே போவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தேவைதான். ஆட்டிசத்தில் மரபணுவின் பங்கு பெரிது. பிள்ளைக்குக் கண்டுபிடிக்கும்போது அம்மாவோ அப்பாவோ தன்னையும் அதில் அடையாளம் காண்பது, இந்தத் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் விஷயம்.

நீங்கள் செய்தது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உளவியலாளர் சைமன் பேரன்-கோஹன் குழுவினர் 2001-ல் வெளியிட்ட கேள்வித்தாளாக இருக்க வேண்டும். 32-ம் அதற்கு மேலும் வந்தால் ‘டாக்டரிடம் முறையாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்’ என்று அர்த்தம், அவ்வளவுதான். பதற்றம், ஏடிஹெச்டி (கவனம் சிதறுவது, துறுதுறுப்பு அதிகமாக இருப்பது) இருப்பவர்களுக்கும் மதிப்பெண் ஏறும். ஆகவே 36-ஐ வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

உங்கள் கணவர் பார்ப்பது வெளியே தெரிவதை. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அவர் கண்ணுக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது, நீங்கள் சொன்னாலொழிய. “கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, கல்யாணம் ஆகியிருக்கு, அப்ப இருக்காது” என்று பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய. பழகிக்கொண்ட உத்திகளால் அறிகுறிகள் மறைந்திருக்கலாம் என்று, மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிய டாக்டர்கள் பயன்படுத்தும், 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 கையேடே சொல்கிறது. அதனால் போகும் முன் இரண்டு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ‘ஆட்களோடு பழகக் கஷ்டம்’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. ‘கவுன்ட்டரில் பேசப்போவதை முந்தின இரவே ஒத்திகை பார்க்கிறேன், வாடிக்கையாளர் வேறு எதையாவது கேட்டால் வாய் அடைத்துப்போகிறது, வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் யாரோடும் பேச முடிவதில்லை’ என்கிற மாதிரி, உங்களுக்கு நடப்பதை நடந்தபடி எழுதுங்கள். பழகுவது, பேசுவது பற்றி ஒரு பக்கம். ஒரே மாதிரி செய்வது, திட்டம் மாறினால் நிலைகுலைவது, ஒரே விஷயத்தில் மூழ்குவது, சத்தம்-வெளிச்சம்-துணி-வாசனை உறுத்துவது ஆகியவை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையில் உள்ள நான்கில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்பது அந்தக் கையேட்டின் விதி.

சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதும் விதி. இங்கேதான் பலருக்குச் சிக்கல். “நான் சின்ன வயசுல எப்படிம்மா இருந்தேன்?” என்று கேட்டால், “ரொம்ப சமத்து, இருக்கிற இடமே தெரியாது” என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: எத்தனை வயதில் பேசினேன்? விருந்தாளி வந்தால் எங்கே போவேன்? எந்தத் துணியைப் போடமாட்டேன் என்று அழுதேன்? தலை பின்ன விடுவேனா? ஒரே சாப்பாட்டையே கேட்பேனா? பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய குறிப்பு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனநல மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டையோ பார்க்க வேண்டும். போனிலேயே கேட்டுவிடுங்கள்: பெரியவர்களுக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்கிறீர்களா, எத்தனை தடவை வர வேண்டும், எழுத்தில் அறிக்கை தருவீர்களா? மகனைப் பார்க்கும் டாக்டரிடமே யாரைப் பார்க்கலாம் என்று கேட்பது நல்ல தொடக்கம். கோவையில் ஆள் கிடைக்காவிட்டால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ ஆட்டிசம் தெரியாது. ஸ்டெம் செல் போட்டுக் குணமாக்குகிறோம் என்பவர்களிடம் உங்களுக்காகவும் போக வேண்டாம், மகனுக்காகவும் போக வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உறுதியானாலும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. ஆனால் சதவீதம் கணக்கிட இங்கே பயன்படுவது ஐஎஸ்ஏஏ என்ற, ஆட்டிசத்தை மதிப்பிடும் 40 கேள்வி இந்திய அளவுகோல். அதில் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசமே இல்லை என்று கணக்கு. சரளமாகப் பேசி, வேலைக்கும் போகிறவருக்கு அந்த 70 வருவதே கடினம். வேலை இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு இது நியாயமில்லை என்பதே என் கருத்து. இருந்தாலும் அறிக்கை வீண் போகாது. உங்கள் சிகிச்சையைத் திட்டமிட அது உதவும்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு அறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிக்ஸி, குக்கர் சத்தத்துக்கு ஃபோம் இயர்பிளக் போதும். விரலால் உருட்டி மெலிதாக்கி, காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பாதி உள்ளே போனால் சத்தம் அப்படியே கேட்கும். “இது வேலை செய்யல” என்று பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். கல்யாணத்துக்கு முகூர்த்த நேரத்துக்குப் போய், ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம் ஓரமாக உட்கார்ந்து, சாப்பிட்டுக் கிளம்புங்கள். முந்தின நாள் ரிசப்ஷனையும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். ஆபீஸில் காரணம் சொல்லாமலே, “வேலையை மெயிலில் அனுப்பிடுங்க சார், விட்டுப்போகாது” என்று கேட்கலாம். கணவரிடம் மட்டும் அந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாமியார், நாத்தனாரிடம் இப்போது சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

பதற்ற மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆட்டிசத்துக்கென்று மாத்திரை கிடையாது. ஆனால் கூடவே வரும் பதற்றம் நிஜம், அதற்கு மருந்து தேவைப்படலாம். பக்கவிளைவு அதிகம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று அவர் முடிவு செய்வார். பழைய நினைவுகளைக் கிளறும்போது மனம் தாங்காமல் போனால் 14416-க்கு அழையுங்கள். அது அரசின் டெலி மனாஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.