மெட்டாசர்ஃபேஸ் துறையைத் தேர்ந்தெடுக்கும் மகள்: ஒரு பெற்றோருக்கான பதில்

இயற்பியல் பட்டப்படிப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள் மெட்டாசர்ஃபேஸ் (நுண்தூண்கள் போன்ற அமைப்புகளால் ஒளியை வழிநடத்தும் தட்டையான பரப்பு) ஆய்வில் சேர விரும்புவதாகவும், இத்தனை குறுகிய துறையை நம்பி அனுப்பலாமா என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். துறையின் பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்குள் அன்றாடம் நடக்கும் வேலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

சாதாரண லென்ஸ் தன் கண்ணாடியின் வளைவால் ஒளியைக் குவிக்கிறது. மெட்டாசர்ஃபேஸால் ஆன லென்ஸான மெட்டாலென்ஸ் தட்டையானது, அதன்மீது அலைநீளத்தைவிடக் குறைந்த இடைவெளியில் நிற்கும் நுண்தூண்கள், தத்தம் அகலத்துக்கோ திருப்பிவைக்கப்பட்ட கோணத்துக்கோ ஏற்ப, கடந்துசெல்லும் ஒளியலையின் கட்டத்தை (அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் இருக்கும் நிலையை) மாற்றிக் குவிக்கின்றன. (கோணத்தால் கட்டத்தை மாற்றும் வழிக்கு 1956இல் இந்திய இயற்பியலாளர் பஞ்சரத்தினம் செய்த ஆய்வே அடிப்படை.) 2011இல் ஹார்வர்டில் ஃபெடரிகோ கபாஸோவின் குழு தங்க ஆன்டெனாக்களைக் கொண்டு ஒளியைத் திசைதிருப்பிக் காட்டியபோது, பெரும்பகுதி ஒளி விரும்பிய திசையில் செல்லவில்லை. அதே குழு 2016இல் 600 நானோமீட்டர் உயர டைட்டானியம் டை ஆக்சைடு தூண்களால் செய்த லென்ஸ்களில், 405 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குத் திறன் (விழும் ஒளியில் குவிக்கப்படும் பங்கு) 86 சதவீதத்தை எட்டியது. 660 நானோமீட்டருக்கு அது 66 சதவீதம்தான், அதுவும் வட்டத் தளவிளைவுற்ற ஒளிக்கு (அதிர்வுத் திசை சுழன்றபடி செல்லும் ஒளிக்கு) மட்டும். எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிப்பது இன்னும் கடினம். அதனால்தான் 2022இல் இத்தகைய பரப்புகள் முதலில் ஒற்றை அகச்சிவப்பு அலைநீளத்தில் இயங்கும் தொலைவு உணரிகளுக்குள் விற்பனைக்கு வந்தன. மீதமிருக்கும் இந்தக் குறைகளில்தான் உங்கள் மகளுக்கான வேலை இருக்கிறது.

அந்த வேலை இரு வகைப்படும். ஒன்று, ஒளி பரவும் விதத்தை விவரிக்கும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணினியில் தீர்த்து வடிவமைப்பது. மற்றொன்று, தூசு நீக்கிய தூய்மை அறையில் லித்தோகிராஃபியாலும் (பரப்பில் நுண்வடிவங்களைப் பதிக்கும் முறை) பொறிப்பு முறைகளாலும் தூண்களை உருவாக்குவது. அங்கே தூணின் பக்கச்சுவர் சற்றே சரிந்தாலும் கணக்கிட்ட கட்டம் கிடைக்காது. இரண்டாவது வகைத் திறமைக்குக் குறைகடத்தி (சில்லு தயாரிப்பு) துறையிலும் இடமுண்டு என்பதால், உங்கள் அச்சத்துக்கு அதுவே நேரடியான பதில் என்று கருதுகிறேன்.

மகள் முடிவெடுக்கும் முன், ஒளியின் போக்கைக் கணினியில் கணிக்கும் மீப் என்ற கட்டணமில்லா மென்பொருளில் ஒரே ஒரு தூணை அமைத்து, அதன் விட்டத்தைப் படிப்படியாக மாற்றி, ஊடுருவும் ஒளியின் அளவையும் கட்டத்தையும் அட்டவணைப்படுத்திப் பார்க்கட்டும். அந்தப் பொறுமையான வேலை அவருக்குப் பிடித்திருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். சேரும் ஆய்வகத்தில் லித்தோகிராஃபி கருவி சொந்தமாக இருக்கிறதா, முதலாண்டு மாணவரையே அதை இயக்க விடுகிறார்களா, அங்கு படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்பவற்றை விண்ணப்பிக்கும் முன்பே வழிகாட்டியிடம் நேரில் கேட்டுவிடுங்கள்.