ட்ரேட் இன்சூரன்ஸை விட்டுச் சாதாரண கார் இன்சூரன்ஸுக்கு மாறினால் என் நோ கிளெய்ம் ஆண்டுகள் என்னவாகும்?

இங்கிலாந்தில் எட்டு ஆண்டுகளாக, கார்த் தொழில் செய்பவர்களுக்கான ட்ரேட் இன்சூரன்ஸில் ஒரு கிளெய்மும் (இழப்பீட்டுக் கோரிக்கையும்) இல்லாமல் கார் வாங்கி விற்ற நீங்கள், தொழிலை விட்டுச் சாதாரண கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் விலைக் கழிவுக்கு அந்த எட்டு ஆண்டுகளும் கணக்கில் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலை முற்றாக விடுகிறீர்களா, பகுதிநேரமாகத் தொடர்கிறீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. முற்றாக விடுகிறீர்கள் என்றே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அந்த ஆண்டுகள் கணக்கில் வரும், ஆனால் தானாக வராது, எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொள்ளவும் மாட்டா. பழைய பொலிசியை நிறுத்துமாறு சொல்வதற்கு முன்பே அந்த ஆண்டுகளுக்கான கடிதத்தை எழுதி வாங்கிவிட வேண்டும். நான் முதலில் பொலிசியை நிறுத்திவிட்டுப் பிறகு கடிதத்துக்கு அலைந்தவன். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

நான் 2009 முதல் 2023 வரை கிழக்கு லண்டனில் கார் திருத்தும் வேலை செய்தேன். முதலில் வாடிக்கையாளரின் வீட்டுக்கே போய்த் திருத்திக் கொடுத்தேன். பிறகு ரயில் பாதைக்குக் கீழுள்ள வளைவு ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சிறிய கராஜ் நடத்தினேன். 2014ஆம் ஆண்டு கணக்காளரின் ஆலோசனைப்படி தொழிலை லிமிட்டெட் கம்பெனியாகப் பதிந்தேன். ட்ரேட் பொலிசியும் அன்றிலிருந்து கம்பெனியின் பெயருக்கு மாறியது. அந்த ஒரு மாற்றம் ஒன்பது ஆண்டுகள் கழித்து என்னைப் பிடிக்கும் என்று அப்போது எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாடிக்கையாளரின் கார்களோடு என் வீட்டுக் காரும் அதே பொலிசியில்தான் இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போனதும், கோவிலுக்குப் போனதும், வார இறுதிகளில் உறவினர் வீட்டுக்குப் போனதும் அதே காப்புறுதியில்தான். ஒன்பது ஆண்டுகளில் ஒரு கிளெய்மும் இல்லை.

முதுகு வலியால் காருக்குக் கீழே படுக்க முடியாத நிலை வந்தபோது, 2023 ஒக்டோபரில் கராஜை மூடினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கட்டடப் பராமரிப்பு வேலை கிடைத்திருந்தது. சாவியை ஒப்படைத்த அன்று மாலையே காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, தொழிலை நிறுத்திவிட்டேன் என்று உள்ளதைச் சொன்னேன். அடுத்த நாள் நள்ளிரவோடு பொலிசி முடிகிறது என்றார்கள். தொழில் இல்லாதவருக்கு ட்ரேட் பொலிசி செல்லாது என்பதால் அதில் தவறில்லை. ஆனால் சாதாரண இன்சூரன்ஸுக்கு விலை கேட்கத் தொடங்கியபோதுதான் என் நிலை எனக்குப் புரிந்தது. முதலில் பேசிய நிறுவனத்தின் பெண், ட்ரேட் பொலிசியில் சேர்ந்த ஆண்டுகளை நாங்கள் எடுப்பதில்லை, உங்களுக்குப் பூச்சியம் என்றுதான் பதியலாம் என்றார். இரண்டாவது நிறுவனம் அந்த ஆண்டுகளை எடுக்கும் என்றது, ஆனால் பொலிசி என் பெயரில் இல்லாமல் கம்பெனியின் பெயரில் இருந்ததால் அவை கம்பெனிக்கு உரியவை, எனக்கு உரியவை அல்ல என்றது. அந்தக் கம்பெனியின் ஒரே இயக்குநரும் நான், ஒரே தொழிலாளியும் நான், அந்தக் கார்களை ஓட்டிய ஒரே ஆளும் நான். பதினான்கு ஆண்டுகளாக மற்றவர்களின் வாகனங்களைக் கவனமாகக் கையாண்ட ஒருவரை நேற்றுத்தான் உரிமம் எடுத்தவரோடு சேர்த்து வைப்பது எனக்கு மிகவும் வலித்தது.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தத் துறையில் இருப்பவர்கள் என்னைத் திருத்த வருவார்கள். சாதாரண பொலிசி குறிப்பிட்ட ஓர் ஆளையும் குறிப்பிட்ட ஒரு காரையும் கணக்கில் வைத்து எழுதப்படுவது. ட்ரேட் பொலிசியோ, தொழிலுக்காக உங்கள் பொறுப்பில் இருக்கும் எந்த வாகனத்துக்கும் பொருந்துவது. இன்று ஒரு வேன், நாளை ஒரு பென்ஸ் என்று வாகனம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒன்றில் சேர்ந்த நோ கிளெய்மை மற்றொன்றுக்கு அப்படியே மாற்ற முடியாது என்று ஒரு நிறுவனம் நினைப்பதில் காரணம் இருக்கிறது. அதை ஏற்பதா விடுவதா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்த முடிவு. எனவே ஒருவர் மறுத்துவிட்டார் என்பதற்காக எல்லோரும் மறுப்பார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

பழைய பொலிசி நள்ளிரவில் முடிய இருந்தது, எங்கள் வீட்டில் காரை உள்ளே நிறுத்த இடமும் இல்லை. இந்நாட்டில் வீதியில் வெறுமனே நிற்கும் காருக்கும் காப்புறுதி இருந்தாக வேண்டும். ஓட்டாமல் வைத்திருக்கிறேன் என்று அரசாங்கத்துக்கு அறிவிக்கும் சோர்ன் முறையும் பொது வீதியில் நிற்கும் காருக்குப் பயன்படாது. பயத்தில் அன்றிரவே, பூச்சியம் ஆண்டுகள் என்ற கணக்கில், 1,840 பவுணுக்கு ஒரு பொலிசி எடுத்தேன். அந்த ஆண்டில் கார் இன்சூரன்ஸ் எல்லோருக்கும் ஏறித்தான் இருந்தது, நாட்டின் சராசரியே 543 பவுண். அதற்கு மும்மடங்குக்கும் மேலாக நான் கட்டினேன்.

என் பணத்தைக் காப்பாற்றியது பதினான்கு நாள் விதி. புதிதாக எடுத்த பொலிசியைப் பதினான்கு நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலக்கிக்கொள்ளலாம். கிளெய்ம் எதுவும் செய்யாதிருந்தால் ஓடிய நாட்களுக்கான பணத்தையும் ஒரு சிறு கட்டணத்தையும் மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். அந்த நாட்களுக்குள் பழைய நிறுவனத்திடமிருந்து கடிதம் வாங்கியாக வேண்டும் என்று தினமும் மதிய இடைவேளையில் தொலைபேசியோடு இருந்தேன். முதலில் வந்த கடிதத்தில் கம்பெனியின் பெயரும் ‘ஒன்பது ஆண்டுகள்’ என்ற ஒரு வரியும்தான் இருந்தன. அதை எவரும் ஏற்கவில்லை. பிரித்தானியக் காப்புறுதித் தரகர் சங்கத்தின் தரகர் தேடும் சேவை வழியாக நான் கண்டுபிடித்த தரகர் ஒருவர்தான், கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். பொலிசி இலக்கம், அது தொடங்கிய நாள், முடிந்த நாள், கிளெய்ம் இல்லாத ஆண்டுகள் ஆகியவற்றோடு, பிரதான ஓட்டுநராக என் முழுப் பெயர் இருக்க வேண்டும். சொந்தத் தேவைக்கு ஓட்டுவதும் அந்தப் பொலிசியில் அடங்கியிருந்தது என்பதும், என் வீட்டுக் காரின் இலக்கம் அதில் பதிவாகியிருந்தது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறான கடிதம் பதினோராவது நாள் மின்னஞ்சலில் வந்தது. பதின்மூன்றாவது நாள், ஒன்பது ஆண்டுகளையும் ஏற்றுக்கொண்ட ஒரு நிறுவனத்தில் 870 பவுணுக்குப் புதிய பொலிசி தொடங்கியது. அது தொடங்கிய பிறகே முந்தியதை விலக்கினேன்.

உங்களுக்கும் இரண்டு யோசனைகள் வரும், ஏனென்றால் எனக்கு அவற்றைச் சொன்னவர்கள் பலர். ஒன்று, இணையப் படிவத்தில் சாதாரண காரில் சேர்த்த ஒன்பது ஆண்டுகள் என்று போட்டுவிடு, எவர் பார்க்கப்போகிறார்கள் என்பது. பார்ப்பார்கள், பெரும்பாலும் பணம் கட்டிய சில நாட்களிலேயே சான்று கேட்பார்கள். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி, தெரிந்தே பொய் சொன்னதாக நிரூபித்தால் அவர்கள் பொலிசியையே இல்லாததாக ஆக்கி, கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஒருமுறை நடந்துவிட்டால் பிறகு வரும் நிறுவனங்கள் கேட்கும்போதெல்லாம் அதையும் சொல்லியாக வேண்டும். மற்றொன்று, தொழில் இல்லாவிட்டாலும் ட்ரேட் பொலிசியையே தொடர்ந்து வைத்திரு, எந்தக் காரையும் ஓட்டலாம் என்பது. எங்கள் ஆட்களிடையே இதைக் கெட்டித்தனமாகப் பேசுவோர் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். விபத்து நடந்த பிறகு, கார் வாங்கி விற்ற பற்றுச்சீட்டுகளையும் வரிக் கணக்கையும் நிறுவனம் கேட்கும்போது எதைக் காட்டுவது? இப்படிச் செய்பவர்கள் இருப்பதால்தான் உண்மையில் தொழில் செய்பவரையும் நிறுவனங்கள் சந்தேகத்தோடு பார்க்கின்றன. நான் தொழில் செய்த கடைசி ஆண்டுகளில் ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் கட்டுக் கட்டாக ஆதாரம் அனுப்ப வேண்டியிருந்தது.

மாறிய பிறகு ஒரு பழக்கத்தையும் நீங்கள் விட வேண்டிவரும். பக்கத்து வீட்டுக்காரர், கியர் மாறும்போது ஏதோ சத்தம் வருகிறது, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா என்பார், பதினான்கு வருடப் பழக்கத்தில் கை தானாகச் சாவிக்கு நீளும். சாதாரண பொலிசியில் மற்றவரின் காரை ஓட்டும் அனுமதி பலருக்கு இருப்பதே இல்லை, இருந்தாலும் பெரும்பாலும் மூன்றாம் தரப்புக்கு, அதாவது விபத்தில் பாதிக்கப்படும் பிறருக்கு, ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான். காப்புறுதி இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் உரிமத்தில் 6 புள்ளிகளும் விழும், காரையும் பொலிசார் எடுத்துச் செல்லலாம். நான் இப்போது அவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து இருக்கையில் இருந்து கேட்கிறேன். அதேபோல, எந்தக் காருக்குக் காப்புறுதி உண்டு என்று பொலிசார் பார்க்கும் மோட்டார் காப்புறுதித் தரவுத்தளத்தில் உங்கள் கார் ட்ரேட் பட்டியலிலிருந்து நீங்கிப் புதிய பொலிசியின் கீழ் பதிவாகச் சில நாட்கள் ஆகலாம், அதுவரை புதிய சான்றிதழைத் தொலைபேசியில் வைத்திருங்கள்.

நான் காப்புறுதித் துறையில் இருப்பவன் அல்லன். வேறொருவருக்கு ஒரே தொலைபேசி அழைப்பில் எல்லாம் முடிந்திருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. உங்கள் பொலிசி உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் என் அலைச்சலில் பாதி உங்களுக்கு இராது. எப்படியானாலும் கடிதத்தை இப்போதே கேளுங்கள். பயன்படுத்தாமல் விட்ட நோ கிளெய்மைப் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஏற்பதில்லை என்பதால், சிறிது காலம் காரில்லாமல் இருக்கலாம் என்று நினைத்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். பழைய நிறுவனம் கடிதம் தர இழுத்தடித்தால் எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். எட்டு வாரங்களில் இறுதிப் பதில் வராவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மன் சேவைக்கு இலவசமாகக் கொண்டுபோகலாம்.

எனக்கு 2024 ஒக்டோபரில் வந்த புதுப்பித்தல் கடிதத்தில் கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. என் பெயருக்கு நேரே நோ கிளெய்ம் 10 ஆண்டுகள் என்று இருந்தது. அதை ஒரு பிரதி எடுத்து, அந்தப் பழைய கடிதத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.