சாரல் காலத்தில் சோலார் பாடம் நடத்த முடியுமா?

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் படித்த ஒருவர் 8,000 ரூபாய் கொடுத்து, பிள்ளைகளுக்கு சோலார் பற்றிச் சொல்லிக் கொடுங்கள் என்றிருக்கிறார். ஜூன் பிறந்தால் ஆகஸ்ட் வரை எங்களுக்கு சாரல்தான். "வெயிலே இல்லையே டீச்சர், எப்படி ஓடும்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன வாங்கலாம், எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? சுற்றுச்சூழல், சிக்கனம் எல்லாம் சேர்த்துச் சொல்ல ஆசை, ஆனால் உபதேசமாகப் போய்விடக் கூடாது. பின்னால் பள்ளி முழுக்க சோலார் போடலாமா என்று தலைமையாசிரியர் யோசிக்கிறார். பணம் கொடுத்தவர் பெயர்ப் பலகையைப் பேனலுக்கு மேலே வைக்கலாமா?

பதில்: டீச்சர், பிள்ளைகள் கேட்டது சரியான கேள்வி, மழுப்பிவிடாதீர்கள். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். வெயில் கொளுத்துகிற ஊரில் பேனலை வைத்தால் பல்பு எரியும், எல்லோரும் கை தட்டுவார்கள், பாடம் அதோடு முடிந்துவிடும். உங்கள் ஊரில் காலையில் வெளுத்து, பத்து மணிக்கு மூடி, மத்தியானம் பிசுபிசுவென்று தூறி, மூன்று மணிக்கு மறுபடி வெளுக்கிறதே, அங்கேதான் எவ்வளவு வரும், எப்போது வராது, வராதபோது எதை வைத்துச் சமாளிப்பது என்கிற நிஜமான கணக்கு இருக்கிறது.

முதலில் பணம். தெர்மாக்கோல் வீடு, மேலே பொம்மை பேனல் என்று கண்காட்சிக்கு விற்கிற மாடலில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். 36 செல் உள்ள 10 வாட் பேனல் ஒன்று, பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர் மணி) பேட்டரி, 5 வாட் டிசி எல்இடி பல்பு, ஃபியூஸ், கொஞ்சம் வயர், அப்புறம் இரண்டு மல்டிமீட்டர். மீட்டர் வாங்கும்போது மட்டும் 10 ஆம்பியர் வரை டிசி கரண்ட் அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், எல்லா மலிவு மீட்டரிலும் அது இருக்காது. இத்தனையும் வாங்கிய பிறகும் கையில் பணம் மிஞ்சும்.

பேட்டரியை முதல் வாரம் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். பேனலும் மீட்டரும் போதும். பேனலை வாசலில் ஒரு பெஞ்சின் மேல் வைத்து, மீட்டரை டிசி வோல்ட்டில் திருப்பி இரண்டு வயரிலும் தொட்டால், வெயிலில் 20, 21 என்று காட்டும். மேகம் மூடியதும் மறுபடி தொடச் சொல்லுங்கள், 19 பக்கத்தில் நிற்கும். "பாத்தீங்களா டீச்சர், மேகம் இருந்தாலும் ஓடுது" என்று ஒரு பையன் கட்டாயம் சொல்வான். பெரியவர்களே ஏமாறுகிற இடம் இது. இப்போது சிவப்பு வயரை மீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, திருகியையும் டிசி ஆம்பியருக்குத் திருப்பி, பேனலின் இரண்டு வயரையும் நேராக மீட்டரில் கொடுங்கள். நல்ல வெயிலில் 0.6 ஆம்பியர் வரை வரும். கருமேகம் வந்தால் அதே எண் 0.1க்குக் கீழே விழுந்துவிடும், மெல்லிய வெள்ளை மேகமென்றால் பாதி வரை நிற்கும். வெளிச்சம் குறைந்தால் வோல்டேஜ் அவ்வளவாக அசையாது, கரண்ட்தான் சரியும், பல்பை எரியவைக்கும் வாட் என்பது இரண்டையும் பெருக்கி வருவது. மேகம் நகர நகர அந்த எண் ஏறி இறங்குவதை ஒரு பத்து நிமிஷம் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்கட்டும், அதற்கு மேல் நீங்கள் விளக்க அதிகம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. பேனலை இப்படி நேராக மீட்டரில் கொடுப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பேட்டரியை அப்படிக் கொடுத்தால் மீட்டர் கருகும், வயர் உருகும், கையும் வேகும். அதனால்தான் முதல் வாரம் பேட்டரி வேண்டாம் என்றேன்.

அப்புறம் ஒரு தேக்கிலையோ அட்டைத் துண்டோ எடுத்து ஒரே ஒரு செல்லை மட்டும் முழுசாக மூடிப் பாருங்கள். 36ல் ஒன்று போனால் 36ல் ஒரு பங்குதான் குறையும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கரண்ட் அதைவிட எவ்வளவோ அதிகமாக விழும், ஏனென்றால் செல்கள் எல்லாம் வரிசையாகக் கோர்க்கப்பட்டவை, அடைபட்ட செல்லே மொத்த வரிசைக்கும் அளவு வைத்துவிடுகிறது. மாடியில் பேனல் போட்டுவிட்டுத் தென்னங்கீற்று நிழலைக் கண்டுகொள்ளாதவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் அவர்களுக்குச் சொல்லித்தரலாம்.

அடுத்தது திசை. பேனலைத் தெற்கு பார்த்து வை என்று எங்கும் எழுதியிருக்கும், ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, உச்சிவேளை நிழலை அளக்கச் சொல்லுங்கள். உச்சிவேளை என்றால் 12 மணி இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, நீங்கள் இருப்பது 77 டிகிரியைக் கொஞ்சம் தாண்டி, அதனால் உங்களுக்குச் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.20க்கு. ஜூன் கடைசியில் மேகம் விலகுகிற ஒரு நாள் பார்த்து அளந்தால் நிழல் தெற்கே விழும், சுமார் 26 சென்டிமீட்டர். அப்படியென்றால் சூரியன் வடக்கே நிற்கிறது! செங்கோட்டை 9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருப்பதால் சித்திரை பிறக்கிற சமயத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில் மறுபடி உச்சியைக் கடந்து தெற்கே இறங்கும். டிசம்பரில் அதே குச்சியின் நிழல் வடக்கே 63 சென்டிமீட்டர் நீளும்.

பிறகு ஏன் தெற்கு? வருஷத்தில் பாதிக்கு மேல் சூரியன் உங்களுக்குத் தெற்கேதான் இருக்கிறது. உங்கள் ஊரின் தெளிந்த வெயில், தை மாசி பங்குனி வெயில், அந்தப் பாதியில் வருகிறது. வடக்கே போகிற மாதங்களில் பெரும்பாலும் மேகம்தான், மேக வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் பரவி வருவதால் திசை பெரிதாக முக்கியமில்லை. பத்து டிகிரி சாய்வு போதும், மழைத்தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு ஓடிவிடும்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது. மார்ச் மத்தியானம் தொட முடியாமல் கொதிக்கும்போது வோல்டேஜைக் குறித்துக்கொண்டு, நனைத்துப் பிழிந்த துணியை அடியில் ஒத்திக் குளிரவிட்டால் ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட்கூட ஏறும். கொதிக்கிற கண்ணாடியில் வாளித் தண்ணீரை ஊற்ற மட்டும் விடாதீர்கள்.

வெயில் இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்பதற்கு விடை ஊர்ப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலைக் கொண்டு வருகிற அதே காற்றுதான் சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. பேனல் மந்தமாகிற ஆனி, ஆடியில்தான் காற்றாலைக்கு அறுவடை. ஒன்று படுக்கும்போது மற்றொன்று எழும் என்பதை முடிந்தால் ஒரு நாள் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டுங்கள், பவர்பாயிண்ட் வேண்டாம்.

சிக்கன வாழ்க்கைக்கு வருவோம். இங்கே போஸ்டர் வரைய வைக்காமல் கணக்குப் போட வையுங்கள். உங்கள் 10 வாட் பேனல் நல்ல வெயில் நாளில், இழப்பெல்லாம் போக, சுமார் 30 வாட் மணி தரும் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் மணி). 5 வாட் பல்பு 6 மணி நேரம் எரியலாம். 5,000 எம்ஏஹெச் போன் பேட்டரி கிட்டத்தட்ட 19 வாட் மணி, ஆக ஒன்றரை போன். வகுப்பில் தலைக்கு மேலே சுற்றுகிற 75 வாட் பழைய ஃபேன் என்றால் 24 நிமிஷம், அவ்வளவுதான். அதுவே கரண்ட் குறைவாக இழுக்கிற புது வகை, 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் ஒரு மணி நேரம். பேனலைப் பெரிதாக்காமலே காற்று இரண்டரை மடங்கு நேரம் வந்துவிட்டது பாருங்கள், சிக்கனம் என்று நான் சொல்வது இதைத்தான். கனத்த சாரல் நாளில் 5 வாட் மணி வந்தால் பெரிது, அதில் எதை முதலில் எரிப்பது என்று பிள்ளைகள் சண்டை போடட்டும்.

வீட்டு மீட்டரை ஒரு வாரம் தினமும் ஒரே நேரத்தில் குறித்துவரச் சொல்லலாம். திரையில் எண்கள் மாறி மாறி ஓடும், யூனிட் காட்டுகிற எண்ணை அடையாளம் காட்டிவிடுங்கள். ஆனால் யார் வீட்டில் எவ்வளவு என்று போர்டில் எழுத வேண்டாம். ஒரு ஃபேனும் இரண்டு பல்பும் உள்ள வீட்டுப் பிள்ளையிடம் மின்சாரத்தைச் சேமி என்று சொல்வது அநியாயம், அரசு தரும் இலவச யூனிட்டையே தாண்டாத குடும்பங்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கும். அவர்கள் வாழ்வதைத்தான் நாம் பாடமாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பேட்டரி வந்ததும் அதைப் பெரியவர்கள்தான் இணைக்க வேண்டும், ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். முதலில் பேட்டரியை கன்ட்ரோலரில் கொடுத்துவிட்டு அப்புறம் பேனல், கழற்றும்போது முதலில் பேனல். பழைய பேட்டரியைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பேனலைப் போல்ட் போட்டு முறுக்காமல் கூரையில் வைக்காதீர்கள். குரங்குத் தொல்லை உண்டென்றால் வயரைக் குழாய்க்குள் விடுங்கள், தொங்குகிற வயரை அவை விட்டுவைக்காது.

தலைமையாசிரியர் பின்னால் பள்ளி முழுக்க சோலார் போட யோசிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், அதாவது மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடுகிற வகை, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் கட்டிலும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் பேட்டரி உள்ள ஹைப்ரிட் வேண்டும், செலவு கூடும். மத்திய அரசின் 78,000 ரூபாய் வரையிலான மானியம் வீடுகளுக்குத்தான், பள்ளிக்கு அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கடைசியாக, பணம் கொடுத்தவர் பெயர்ப் பலகையைப் பேனலுக்கு மேலே வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தெற்கே வைத்தால் டிசம்பரில் நிழல் பேனல் மேல் விழும், வடக்கே உயர்த்தி வைத்தால் ஜூனில் விழும். வகுப்பறைச் சுவரில் மாட்டிவிட்டு, ஏன் அங்கே மாட்டினோம் என்பதை ஒரு பிள்ளையை விட்டு அவருக்கே போனில் சொல்லச் சொல்லுங்கள்.