தேடினாலும் கிடைக்காத கொடுக்கு

கேள்வி: எலுமிச்சை மரத்தைக் கவாத்து செய்தபோது குளவிகள் கையிலும் கழுத்திலும் ஐந்தாறு இடங்களில் கொட்டிவிட்டன. தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே நிற்கும். இப்போது எவ்வளவு தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உள்ளே போய்விட்டதா? கிளையில் தொங்கும் கூட்டுக்கு மருந்தடித்துவிடலாமா?

பதில்: தேடுவதை விட்டுவிடுங்கள், உள்ளே ஒன்றும் இல்லை. குளவியின் கொடுக்கு ஏறக்குறைய வழுவழுப்பானது. குத்தி, உருவி, மறுபடியும் குத்தும். ஐந்தாறு கொட்டுக்கு ஒன்றிரண்டு குளவிகளே போதும்.

தேனீயின் கொடுக்கில் தூண்டில் முள்ளைப் போல முட்கள் பின்னோக்கி இருக்கின்றன. மனிதர், மாடு ஆகியோரின் தோலில் அது மாட்டிக்கொள்ளும். தேனீ விடுபட்டுப் பறக்கும்போது கொடுக்கும் நஞ்சுப் பையும் வயிற்றிலிருந்து பிய்ந்துவிடுவதால் அது செத்துப்போகிறது. உற்றுப் பார்த்தால், தனியாக நிற்கும் அந்தச் சிறு பை துடிப்பது தெரியும். நஞ்சை இன்னும் இறக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் நகத்தால் வழிப்பதா, கிள்ளி எடுப்பதா என்று யோசிக்காமல் உடனே எடுத்துவிட வேண்டும். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் போன்ற வாடை கிளம்பி மற்றத் தேனீக்களையும் அழைக்கும், அங்கே நிற்காதீர்கள்.

கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு உருமாறியது. ஆகவே பெண் பூச்சிகள் மட்டுமே கொட்டும். தனியாக வாழும் குளவிகளுக்கு அது வேட்டைக் கருவி. புழுவை மரத்துப்போகச் செய்து குஞ்சுக்கு இரையாக வைக்கும். கூட்டமாக வாழ்பவை பெரும்பாலும் கூட்டைக் காக்கத்தான் கொட்டுகின்றன. உங்கள் கத்தரிக்கோல் கிளையை அசைத்ததே அவற்றுக்குப் போதுமான காரணம். பூவில் திரியும் குளவியை நசுக்காதவரை அது உங்களைப் பொருட்படுத்தாது.

தேனீக்குச் சமையல் சோடா, குளவிக்கு வினிகர் என்று சொல்வார்கள். நஞ்சு தோலுக்கு அடியில் இருக்கும்போது மேலே தடவி என்ன பயன்? சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். விரல் வீங்குவதற்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். உதடோ தொண்டையோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், தலை சுற்றினாலும், உடம்பெங்கும் தடிப்பு எழும்பினாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஏராளமாகக் கொட்டு வாங்கியவருக்கு ஒவ்வாமை இல்லாவிட்டாலும் அதே விதிதான்.

கூட்டை அழிக்க நான் சொல்லமாட்டேன். எலுமிச்சைத் துளிரைத் தின்னும் பச்சைப் புழுவைப் பிடித்து, மென்று உருண்டையாக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டுபவை இவைதாம். உங்கள் மருந்துச் செலவில் ஒரு பகுதியை இவை மிச்சப்படுத்துகின்றன. பகலில் மருந்தடித்தால் இரைதேடப் போனவை திரும்பிவந்து உங்களைத்தான் பிடிக்கும். மரம் பூத்திருந்தால் தேனீக்களும் சாகும். ஆட்கள் நடக்கும் வழியில் கூடு இருந்தால் மட்டும், இருட்டிய பிறகு அனுபவமுள்ளவரை வைத்து அகற்றுங்கள். பந்துபோல் பெரிதாக இருந்தால் அது கதண்டு என்னும் பெரிய குளவியின் கூடாக இருக்கலாம். நீங்கள் அதன் பக்கமே போகவேண்டாம். கையகலக் கூடுதான் என்றால் அந்த ஒரு கிளையை விட்டுவிட்டு மற்றவற்றைக் கவாத்து செய்யுங்கள். கூடு காலியானதும் அதையும் வெட்டிக்கொள்ளலாம்.