பேக்நெட் லைனில் கோளாறு தேடுவது எப்படி: கேள்வி பதில்

கட்டடங்களில் ஏசி, வெளிச்சம், மீட்டர்களை இணைக்கும் பிஎம்எஸ் (கட்டட மேலாண்மை அமைப்பு) நெட்வொர்க்கை எந்தச் சாப்ட்வேரால் கண்காணிப்பது, கோளாறை எப்படிப் பிடிப்பது என்று வந்த கேள்விகள் இவை. இந்தக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழிகளில் எனக்குத் தெரிந்தது பேக்நெட்தான். அதற்குள் நின்றே பதில் சொல்கிறேன்.

ஒரே எம்எஸ்டிபி லைனில் (வயரில் பேக்நெட் ஓடும் ஆர்எஸ்-485 லைன்) 28 விஏவி கன்ட்ரோலர்கள் (அறைக்குப் போகும் ஏசி காற்றின் அளவை மாற்றுபவை). நாள் முழுக்க ஏதாவது ஒன்று ஆஃப்லைன் போய்த் திரும்பி வருகிறது. எந்தச் சாப்ட்வேர் வாங்கலாம் அண்ணா?

எதுவும் வாங்க வேண்டாம் தம்பி. அந்த லைனை லேப்டாப்பில் இணைக்கும் ஆர்எஸ்-485 யுஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும். எம்எஸ்டிபிகேப், வயர்ஷார்க் இரண்டுமே இலவசம். முன்னது லைனில் ஓடுவதைப் பதிவு செய்யும், பின்னதில் திறந்து படிக்கலாம்.

இந்த லைனில் டோக்கன் (கைமாறி வரும் பேசும் உரிமை) யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச்சைத் தொடங்க முடியும். பதிவில் 11-ஆம் முகவரியில் உள்ள கன்ட்ரோலர் டோக்கனை 12-க்குக் கொடுக்கிறது, 12 பேசவில்லை, 11 மறுபடி கொடுக்கிறது என்று திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் 12-ஐயும் அதற்குப் போகும் வயரையும் பாருங்கள். 'ஆஃப்லைன்' என்று திரையில் வரும் கன்ட்ரோலர் பல நேரம் நிரபராதிதான்.

அடுத்து, முகவரிகளை இடைவெளி இல்லாமல் 1 முதல் 28 வரை வரிசையாக வையுங்கள். கடைசி கன்ட்ரோலரில் மேக்ஸ் மாஸ்டர் (எந்த எண் வரை தேட வேண்டும் என்ற அமைப்பு) 127 என்றே இருந்தால் அது 29 முதல் 127 வரை ஒவ்வொரு எண்ணாக 'யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் காத்திருக்கும். அந்த நேரமெல்லாம் வீண். எல்லாவற்றிலும் 28 என்று வைத்தால் லைன் வேகமாகும். ஆனால் நாளை ஒருவர் 30-ஆம் எண்ணில் புதிதாக ஒன்றை மாட்டினால் அது லைனில் சேரவே சேராது. அதனால் பேனல் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்.

யாபேயில் (பேக்நெட் டிவைஸ்களைத் தேடிப் படிக்கும் சாப்ட்வேர்) ஸ்கேன் செய்தால் ஒரு டிவைஸும் வரவில்லை.

விண்டோஸ் ஃபயர்வால், தவறான நெட்வொர்க் கார்டு, பேக்நெட்டின் யுடிபி போர்ட் 47808. இந்த வரிசையில் பாருங்கள். டிவைஸ்கள் வேறு சப்நெட்டில் இருந்தால் எல்லோரையும் கூப்பிடும் பிராட்காஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது, அதைக் கடத்திவிடும் பிபிஎம்டி வேண்டும். ஒரு சப்நெட்டுக்கு ஒன்றுதான், இரண்டு வைக்காதீர்கள்.

எனக்கும் யாபேயில் எதுவும் தெரியவில்லை சார், என்ன செய்யலாம்?

மேலே உள்ள பதில்தான்.

கேஎன்எக்ஸ் (பேக்நெட் போல இன்னொரு கட்டட நெட்வொர்க்) லைனுக்கு என்ன டூல்?

அது என் துறை இல்லை. கேஎன்எக்ஸின் இடிஎஸ் சாப்ட்வேருக்குள்ளேயே பஸ் மானிட்டர் இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

சோதனைக்காக யாபேயிலிருந்து ஒரு வால்வுக்கு 100 எழுதினேன். இப்போது பிஎம்எஸ் சொல்வதைக் கேட்கவே மாட்டேன் என்கிறது.

இதைத்தான் எப்போதும் எச்சரிக்கிறேன். ஓடும் கட்டடத்தில் பார்க்கலாம், படிக்கலாம், எழுதக்கூடாது. பேக்நெட்டில் கட்டளைக்கு 16 முன்னுரிமைப் படிகள் உண்டு, 1 தான் மேலே. நீங்கள் 8-இல் எழுதியிருப்பீர்கள், பிஎம்எஸ் அதற்குக் கீழே 16-இல் எழுதிக்கொண்டிருக்கும். பழைய மதிப்பைத் திரும்ப எழுதினாலும் விடுதலை கிடைக்காது. அதே 8-இல் 'நல்' (null, காலி மதிப்பு) எழுத வேண்டும். ஒரு கட்டடத்தில் யாரோ இப்படி விட்டுப்போன கூலிங் வால்வு மாதக்கணக்கில் முழுதாகத் திறந்தே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

லைனின் இரண்டு முனையிலும் ரெசிஸ்டர் போட வேண்டும், டெர்மினேஷன் டெர்மினேஷன் என்கிறீர்கள் நீங்கள் எல்லோரும். நான் ரெசிஸ்டரே போடாமல் 10 வருடமாக லைன் ஓட்டுகிறேன். அது பழைய நம்பிக்கை.

நம்பிக்கை இல்லை, கணக்கு. நொடிக்கு 38400 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு 26 மைக்ரோ நொடி. 100 மீட்டர் லைனில் ரெசிஸ்டர் இல்லாத முனையில் மோதித் திரும்பும் சிக்னலின் எதிரொலி போய்த் திரும்ப ஏறத்தாழ 1 மைக்ரோ நொடி. பிட்டின் நடுவில் படிப்பதற்குள் அது அடங்கிவிடும். அதனால் உங்கள் லைன் ஓடுகிறது, அதை மறுக்கவில்லை. 1000 மீட்டர், 76800 வேகம் என்றால்? பிட்டுக்கு 13, எதிரொலிக்கு 10. அங்கே உங்கள் 10 வருட அனுபவம் கைகொடுக்காது.

எங்கள் லைன் 200 மீட்டர்தான். ரெசிஸ்டர் வைத்தால் சிக்னல்தான் குறையும்.

இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கன்ட்ரோலர்களில் உள்ள ஆர்எஸ்-485 சிப்களே வடிவமைக்கப்பட்டன. சிக்னல் குறைவது மூன்றாவது, நான்காவது ரெசிஸ்டர் சேரும்போது. எல்லாப் பவரையும் அணைத்துவிட்டு பிளஸ், மைனஸ் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். இரண்டு 120 இணையாகச் சேர்ந்து 60 ஓம் பக்கம் இருந்தால் சரி.

என் லேப்டாப்பிலும் யாபே எதையும் காட்டவில்லை.

ஃபயர்வால். மேலே படியுங்கள்.

அளந்தேன். ரெசிஸ்டரே போடவில்லை, ஆனாலும் 40 காட்டுகிறது.

அப்படியானால் உங்கள் லைனில் மூன்று 120 ஓம் இருக்கின்றன. கன்ட்ரோலருக்குள்ளேயே இருப்பவை, டிப் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும். ஒவ்வொரு பேனலாகத் திறந்து பாருங்கள். நடுவில் இருப்பதை அணைத்துவிட்டு, இரண்டு முனையில் இருப்பவற்றை அப்படியே விட்டுவிட்டு மறுபடி அளங்கள். அப்புறம் எம்எஸ்டிபிகேப்பில் ஒரு மணி நேரப் பதிவு எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.